சம்பளம் ஏறியது, வீட்டுக் கதவு மூடியது

2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கிய கணக்கு இது. 2016இல் 1,000 ஆயிற்று. 2022 மே மாதத்தில் 1,500 ஆயிற்று. ஒவ்வொரு படியும் தொழிலாளி கேட்டுப் பெற்ற படி. இதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த மகிழ்ச்சியோடு ஒரு வேதனையும் நம் ஆபீஸ் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

இந்தப் பத்தியை எழுதும் நாமும் ஒரு தோட்டக் கிராணிதான். செக்ரோல் எழுதுவதும் சம்பளச் சீட்டுப் போடுவதும் நம் வேலை. ஒரு நாள் பால் நிறுத்து முடிந்த நேரத்தில் கணவன் மனைவி இருவர் வந்தார்கள். கணவர் பால்மரம் வெட்டுகிறவர். மனைவி பக்கத்துப் பட்டணத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர். மூன்று பிள்ளைகள். அவர்கள் குடியிருக்கும் லயம் நிற்கிற நிலத்தை வீடமைப்புக்காக விற்று விட்டார்கள். காலி செய்யச் சொல்லிக் கடிதமும் வந்து விட்டது. கையில் அரசாங்க வாடகை வீட்டுக்கான விண்ணப்பப் பாரம் வைத்திருந்தார்கள்.

“ஐயா, ஒரு நானூறு வெள்ளியைக் குறைச்சு எழுதிக் குடுங்க. அவ்வளவுதான் கேட்கிறோம்” என்றார் அந்த அண்ணன்.

சம்பளத்தைக் கூட்டி எழுதச் சொல்லிக் கேட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். குறைத்து எழுதச் சொல்லிக் கேட்டவரை அன்றுதான் பார்த்தோம். பெயர் குழுவின் கணக்கில் எத்தனையோ வெட்டுக்கும் கழிவுக்கும் கிராணியோடு வாதாடிய மனிதர், இன்று தன் உழைப்பின் மதிப்பைத் தானே குறைத்துக் காட்டும்படி கெஞ்சுகிறார். இந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது எது?

ஒரே ஓர் எண்தான். 3,000 வெள்ளி.

மக்கள் வீடமைப்புத் திட்டம் என்றும் பி.பி.ஆர். என்றும் நாம் சொல்லும் அடுக்குமாடி வீடுகள் ஏழைகளுக்காகவும் புறம்போக்கில் வாழ்ந்தவர்களுக்காகவும் அரசாங்கம் கட்டியவை. 700 சதுர அடி, மூன்று படுக்கையறை, மாத வாடகை 124 வெள்ளி. நல்ல திட்டம். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. இந்த வீட்டுக்கு மனுப் போடுகிறவர் மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். குடும்ப வருமானம் மாதம் 3,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. 1,700 வெள்ளிச் சம்பளம் அமலுக்கு வந்த அன்றும் இந்த 3,000 நகரவில்லை.

இப்பொழுது தோழர்களே, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2022 மே மாதத்தில் கணவனும் மனைவியும் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கினால் இரண்டு 1,500, ஆக 3,000. வரம்பின் விளிம்பிலே நின்றார்கள். ஆனால் உள்ளே நின்றார்கள். 2025 பிப்ரவரியில் இரண்டு 1,700, ஆக 3,400. வரம்புக்கு வெளியே போய் விட்டார்கள். இந்த நாட்டில் சட்டப்படி இதற்குக் கீழே முழுநேரச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று அரசாங்கமே சொல்கிற தொகையை வாங்கும் இருவர், அதே அரசாங்கத்தின் ஏழை வீட்டுக்கு ‘வசதி உள்ளவர்கள்’ ஆகி விட்டார்கள்!

அந்த 3,400உம் கைக்கு வருகிறதா? சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று வீதம் 374 வெள்ளி பிடிக்கிறோம். சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சில வெள்ளி போகிறது. எல்லாம் போக அந்தக் குடும்பம் வீட்டுக்குக் கொண்டுபோவது ஏறக்குறைய 3,000 வெள்ளிதான். பாரத்தில் எழுதுவது 3,400; அரிசி வாங்கப் போகும்போது கையில் இருப்பது 3,000. பாரத்தைப் பார்க்கும் உத்தியோகஸ்தருக்கு முதல் எண் மட்டுமே கண்ணில் படுகிறது.

அரசாங்க வீடு இல்லையென்றால் தனியார் வீடு. தோட்டத்தை ஒட்டிய பட்டணத்தில் ஒரு சாதாரண வீட்டுக்கு மாதம் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பெரிய பட்டணங்களில் இந்தத் தொகைக்கு வீடு தேடிக் கால் தேய்ந்தவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். இருந்தாலும் 800 என்றே வைப்போம். 124க்கும் 800க்கும் வித்தியாசம் 676 வெள்ளி. சம்பள உயர்வால் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது 400. வரம்பைத் தாண்டியதால் இழந்தது 676. ஒரு கையில் வாங்கியதைக் காட்டிலும் அதிகமாக மறு கையில் பறிகொடுத்தார்கள்.

3,000 வெள்ளி வாங்குகிறவர் 124 கட்டலாம். 3,001 வாங்குகிறவர் 800 கட்ட வேண்டும். அந்த ஒரு வெள்ளியின் விலை மாதம் 676. ஆண்டுக்கு 8,112. உலகத்தில் இவ்வளவு விலையுள்ள ஒரு வெள்ளி வேறெங்கும் இருக்குமா என்று நமக்குத் தெரியவில்லை.

2022ஆம் ஆண்டுக்கு அரசாங்கம் வெளியிட்ட சராசரி வறுமைக்கோடு மாதம் 2,589 வெள்ளி. அந்தக் கோட்டுக்கும் 3,000 என்ற வரம்புக்கும் நடுவே இருப்பது 411 வெள்ளி. ஒரு குடும்பம் வறுமையிலிருந்து தலையை வெளியே நீட்டிய சில அடிக்குள்ளேயே வீட்டுக் கதவு மூடிக்கொள்கிறது. மேலும் அந்த வரம்பு எல்லோருக்கும் ஒன்றே. பிள்ளையில்லாத தம்பதிக்கும் 3,000. ஐந்து பிள்ளைகளும் வயதான தாயும் உள்ள வீட்டுக்கும் 3,000. சோற்றுப் பானையைப் பார்த்துப் போட்ட கணக்கு அல்ல இது.

இதில் தோட்டத் தொழிலாளிக்கு உள்ள தனிக் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். பட்டணத்துத் தொழிலாளி வேலை இழந்தால் வேலையைத்தான் இழக்கிறான். தோட்டத் தொழிலாளி வேலை இழந்தால் வீட்டையும் சேர்த்து இழக்கிறான். லயம் அவனுடையதல்ல, அவன் பாட்டன் அதில் பிறந்திருந்தாலும் அவனுடையதல்ல. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் லயத்துக்குத் தண்ணீரும் விளக்கும் தரமும் கேட்கிறது. வேலை போன மறுநாள் எங்கே படுப்பது என்று அந்தச் சட்டம் பேசவில்லை. அறுபது வயதில் வேலையிலிருந்து ஓய்வு. அதோடு வீட்டிலிருந்தும் ஓய்வு. தோட்டம் கைமாறினாலும் அதே கதை.

பி.பி. என்று தொடங்கும் பால்மர ரகங்களை வெட்டாத தோழர் நம்மில் குறைவு. அந்த இரண்டெழுத்து பிராங் புசார் தோட்டத்தின் பெயர். முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கில அதிகாரிகள் 1921இல் திறந்த தோட்டம் அது. நல்ல பால் தரும் ரகங்களை அங்கே உண்டாக்கினார்கள்; அவற்றை நட்டவர்களும் ஒட்டுக் கட்டியவர்களும் வெட்டியவர்களும் நம்மவர்கள். 1995இல் அந்த நிலத்தில் புத்ராஜெயா நகரம் எழும்பத் தொடங்கியது. அங்கும் அடுத்திருந்த தோட்டங்களிலும் இருந்த குடும்பங்கள் டெங்கில் பக்கத்தில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். சுவர் வெடித்த வீடுகளுக்காக அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. உலகமெங்கும் பயிராகும் மரத்தை வளர்த்துக் கொடுத்த கைகளுக்கு வெடிக்காத ஒரு சுவர் கிடைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அவர்களுக்காவது மாற்று வீடு என்று ஒன்று இருந்தது. சிறு தோட்டங்களிலும் துண்டு துண்டாக விற்கப்பட்ட டிவிஷன்களிலும் இருந்தவர்களுக்கு ஒரு தொகையும் ஒரு லாரியுந்தான்.

அந்த லாரி போய் நிற்கும் இடம் தனியார் வாடகை வீடு. அங்கே என்ன நிலை?

வாடகைக்கு வரம்பு கட்டும் சட்டம் இப்போது நமக்கு இல்லை. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 1948க்கு முன் கட்டிய கட்டிடங்களுக்கு மட்டுமே அது பாதுகாப்பளித்தது. 1997இல் அதை ரத்துச் செய்தார்கள். 1999 முடிவோடு அந்தப் பாதுகாப்பும் நீங்கியது. பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறையாக இருந்த ஏழைக் குடும்பங்கள் மூட்டை கட்டின. குடியிருப்பு வாடகைக்கென ஒரு சட்டம் வரப்போவதாகப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். பேச்சுக்கு வாடகை இல்லை. ஆகவே அது நெடுநாள் குடியிருக்கிறது.

வீட்டுக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை என்பதையும் நாம் அறிவோம். வங்கிக் கடனில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விடுகிறவர் பலர். 2022 மே மாதத்துக்கு முன் 1.75 விழுக்காடாக இருந்த மத்திய வங்கியின் வட்டி விகிதம் 2023 மே மாதத்தில் 3 விழுக்காடு ஆயிற்று. கடன் தவணை ஏறியது. வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றினார். 2025 ஜூலையில் வட்டி 2.75க்கு இறங்கியது. வாடகை இறங்கியதாக எந்தத் தோழரும் நமக்குச் சொல்லவில்லை. தொழிற்சாலைகளும் தங்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக வரிசை வீடுகளை மொத்தமாக எடுக்கின்றன. பத்துப் பேரின் தலைக்கணக்கில் வாடகை தரும் கம்பெனியோடு ஒரு குடும்பம் போட்டி போட முடியுமா? அந்த வெளிநாட்டுத் தொழிலாளியும் நம்மைப் போல் உழைக்க வந்தவனே. அவன்மீது நமக்குக் கோபமில்லை. வீடுகள் போதாமல் போனதைத்தான் சொல்கிறோம்.

வீடு கிடைத்தாலும் முதல் நாளே ஒரு மலை ஏற வேண்டும். இரண்டு மாத வாடகை வைப்புத் தொகை, அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு, ஒரு மாதம் முன்வாடகை. ஆக மூன்றரை மாதம். 800 வெள்ளி வீட்டுக்கு 2,800 வெள்ளி. லயத்திலிருந்து கிளம்புகிற குடும்பம் இதை எங்கே தேடும்? தோடு அடகுக் கடைக்குப் போகிறது. தோடும் இல்லாதவர் வட்டிக்காரரிடம் போகிறார்.

வரம்பு இருக்கத்தானே வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீடுகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். வரம்பை எடுத்து விட்டால் 1,700 வாங்கும் ஒற்றைச் சம்பளக் குடும்பத்தையும், கணவனை இழந்த தாயையும், 5,000 வாங்குகிறவர் வரிசையிலிருந்து தள்ளி விடுவார். அது நடக்கக் கூடாது. பி.பி.ஆர். வீட்டை எடுத்து வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டுத் தனக்கு வேறு இடத்தில் வீடு வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களில் நம்மவரும் உண்டு. அது ஏழையின் பாயைத் திருடுவதற்குச் சமம். அவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்ற வேண்டும் என்று முதல் குரல் கொடுப்பவர்கள் நாமாக இருக்க வேண்டும்.

ஆகவே வரம்பே வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. வரம்பு சம்பளத்தோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்கிறோம். ஒரு வெள்ளிக்காக ஒரு குடும்பத்தைப் பள்ளத்தில் தள்ளாமல், படிப்படியாக இறங்கும் படிக்கட்டாக அது இருக்க வேண்டும் என்கிறோம்.

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஜொகூர் பாலத்துக்கு அப்பால் பாருங்கள். சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் பிறந்தது. அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் அது கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். அதன் ஏழை வாடகை வீடுகளுக்கு 2003இல் வருமான வரம்பை 800 வெள்ளியிலிருந்து 1,500 ஆக உயர்த்தினார்கள். 2024 ஜூலையில் உள்ளூர் முழுநேரத் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய தகுதிச் சம்பளம் 1,600 சிங்கப்பூர் வெள்ளி ஆயிற்று. அந்த நாளிலும் 1,500 வரம்பு அப்படியே நின்றது. இருபத்தோர் ஆண்டுகளில் சம்பளம் வரம்பைத் தாண்டி நடந்து விட்டது. ஆனால் அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் இரண்டு உண்டு. ஒன்று, ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் தனியே பார்த்து, வரம்பைச் சற்றுத் தாண்டியவருக்கும் இடம் கொடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இருக்கிறது. இரண்டு, வாடகை எல்லோருக்கும் ஒன்றல்ல. 800க்குக் கீழ் வருமானம் உள்ளவருக்கு ஒரு வாடகை. அதற்கு மேல் 1,500 வரை உள்ளவருக்குக் கூடுதல் வாடகை. வருமானம் ஏறினால் வாடகை கொஞ்சம் ஏறும். கூரை பறந்து போகாது. பக்கத்து வீட்டில் செய்ய முடிந்ததை நம் வீட்டில் செய்ய முடியாதா?

நமது கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

முதலாவது: வாடகை வீட்டுக்கான வருமான வரம்பு இரண்டு குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தபட்சச் சம்பளம் உயரும் அதே நாளில் வரம்பும் தானாக உயர வேண்டும். இதற்குத் தனியாக மகஜர் கொடுத்துக் காத்திருக்கும் நிலை வேண்டாம்.

இரண்டாவது: சேமநிதியும் சொக்சோவும் போகக் கைக்கு வரும் தொகையைக் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனை வாய்க்குச் சோறு என்பதையும் பார்க்க வேண்டும். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு ஓராண்டுச் சராசரியைப் பார்க்க வேண்டும். மழை மாதமும் மரம் இலையுதிர்க்கும் மாதமும் என்னவென்று தெரியாதவர்கள், நல்ல வெட்டு மாதத்தின் சீட்டைப் பார்த்து நம்மைப் பணக்காரர் என்று முடிவு கட்டக் கூடாது.

மூன்றாவது: வரம்பைச் சற்றுத் தாண்டியவருக்குக் கூடுதல் வாடகையில் வீடு கொடுக்க வேண்டும். 124க்கும் 800க்கும் நடுவே 200 உண்டு, 300 உண்டு, 400 உண்டு. அந்தக் கூடுதல் பணத்தைக் கொண்டு பழுதான மின்தூக்கிகளைச் சரி செய்யலாம். புது வீடும் கட்டலாம்.

நான்காவது: தோட்டம் விற்கப்படும்போதும் பயிர் மாறும்போதும் வெளியேறும் குடும்பங்களுக்கு முன்னுரிமை வேண்டும். நிலத்தை மேம்படுத்த அனுமதி கேட்கும் கம்பெனி, அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு அதே வட்டாரத்தில் வீடு காட்டாமல் அனுமதி பெறக் கூடாது.

ஐந்தாவது: வாடகைச் சட்டம் வர வேண்டும். ஓர் ஒப்பந்த காலத்துக்குள் எவ்வளவு ஏற்றலாம், வைப்புத் தொகை எவ்வளவு, எத்தனை நாள் அவகாசம் கொடுத்துக் காலி செய்யச் சொல்லலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தியர் என்றால் வீடு இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிற விளம்பரங்களுக்கும் அந்தச் சட்டம் பதில் சொல்ல வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்பது இது. இனி நமக்குள்ளே சில வார்த்தை.

விண்ணப்பம் போடாமலே ‘நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்’ என்று உட்கார்ந்திருக்கும் தோழர்கள் பலர். மனுப் போடாதவனுக்கு வரிசையில் இடமில்லை. லயத்தில் விளக்கு எரியும்போதே மனுப் போடுங்கள். காலி செய்யும் கடிதம் வரும் வரை காத்திருக்காதீர்கள். சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வீடு வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கும் தரகருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள் குடியுரிமைக்கு மனுப் போடக் கிளைச் செயலாளரைப் பாருங்கள். குடியுரிமை இல்லாமல் இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

கிராணி நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மிடம் பாரத்தோடு வருகிறவரை ‘நாளைக்கு வா’ என்று அனுப்பாதீர்கள். நமக்குப் பத்து நிமிஷ வேலை. அவருக்கு ஒரு நாள் பெயர் போகிறது. ஆனால் பொய்க் கணக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் நம் வேலை போவது ஒரு பக்கம். வீடு கிடைத்த குடும்பமும் வெளியே போகும். அடுத்து வருகிறவரின் உண்மைக் கணக்கையும் அதற்குப் பின் யாரும் நம்ப மாட்டார்கள்.

அன்று அந்த அண்ணனுக்கு நாம் குறைத்து எழுதிக் கொடுக்கவில்லை. 3,400 என்றே எழுதினோம். கூடவே ஒரு தனித்தாளில் பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையையும், மூன்று பிள்ளைகள் இருப்பதையும், தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டிய தேதியையும் எழுதி, தனிப்பட்ட முறையில் பரிசீலிக்கும்படி கேட்டுக் கையொப்பம் போட்டுக் கொடுத்தோம். அவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “உண்மையை எழுதினா வீடு கிடைக்காதுன்னா, உண்மைக்கு என்னங்கய்யா மரியாதை?” என்று கேட்டார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. மனைவி தொழிற்சாலை வேலையை விட்டு நின்று விடலாமா என்று இருவரும் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தது நம் காதில் விழுந்தது. உழைக்கிற ஒரு பெண்ணை உழைக்காதே என்று சொல்கிற விதி எப்படி ஏழைக்கு உதவும் விதியாகும்?

இந்த மனு இன்னும் முடிவாகவில்லை. அவருடையதைப் போல் உங்கள் தோட்டத்திலும் இருக்கும். வரம்பைத் தாண்டியதால் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களின் விவரத்தை ஒவ்வொரு கிளையும் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும்: கணவன் சம்பளம், மனைவி சம்பளம், பிள்ளைகள், இப்போது கட்டும் வாடகை. நான்கு வரி போதும். சங்கம் மந்திரியைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. இந்தக் கணக்கோடு போக வேண்டும். சம்பள உயர்வும் இப்படித்தான், கிளை கிளையாக எழுதிக் கொடுத்த கணக்கின் பலத்தில்தான் வந்தது. வீடும் அப்படித்தான் வரும்.